பங்கருக்குள் இட்ட முட்டை

1

கோழி மிரண்டு ஓடினால் என் அக்கா வானத்தைப் பார்ப்பாள். இந்தக் கரைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மரக்காணத்து உப்பளத்துக்குப் போகும் வழியில் யாருடைய கோழியாவது சிறகை அடித்துக்கொண்டு குறுக்கே ஓடினால் போதும், சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து வருகிறவள் அப்படியே நின்றுவிடுவாள். அண்ணாந்து பார்ப்பாள். மேலே ஒன்றும் இருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு கொக்கு பறக்கும். பிறகு நடப்பாள்.

அவளோடு உப்பு வாருகிற கன்னியம்மா, இது ஏதோ சிலோன்காரர்கள் சாமி கும்பிடும் முறை என்று நினைத்துக் கொஞ்ச காலம் தானும் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். காரணம் தெரிந்த நாளில் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு கோழியோ நாயோ இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோழியால் இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அகதி முகாம் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. நான் பெயின்டர். குயிலாப்பாளையத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதிகளுக்குச் சுவர் பூசுகிறேன். விடுதிக்காரர்களிடம் எந்த நிறத்தைக் காட்டினாலும் கடைசியில் வெள்ளையைத்தான் கேட்பார்கள். வெள்ளையில் இத்தனை வகை இருப்பது எனக்கே இங்கு வந்துதான் தெரிந்தது. அக்கா தவமலர் உப்பளத்தில் கூலி. ஆனையிறவு உப்பைத் தின்று வளர்ந்தவள் மரக்காணத்து உப்பை வாரிக்கொண்டிருக்கிறாள். உப்பு எங்களை விடுவதாக இல்லை.

2

என் மகள் கீர்த்தி இங்கே பிறந்தவள். புதுச்சேரியில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் வாயைத் திறந்தால் மரக்காணம் பேருந்து நிலையத்தில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் அவளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நான் வாயைத் திறந்தால் இன்றைக்கும் டீக்கடையில் “கேரளாவா?” என்று கேட்கிறார்கள். ஒருநாள் அலுத்துப்போய் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கடைக்காரர் நான் போனால் ஏதாவது ஒரு மலையாளப் பாட்டைப் போடுகிறார். நானும் தலையாட்டிக்கொண்டே டீ குடிக்கிறேன்.

சின்ன வயதில் கீர்த்தி அக்காவை மாமி என்றுதான் கூப்பிட்டாள். நம்மூர் வழக்கப்படி அப்பாவின் உடன்பிறந்தவள் மாமி. பள்ளிக்கூடம் போன பிறகு சிக்கல் வந்தது. “மாமியா? நீங்க ஐயரா?” என்று வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன் அக்காவை அத்தை என்றாள். அப்படியே நிலைத்துவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், “உன்ர பிள்ளை எனக்குப் பேர் மாத்திப்போட்டாள்” என்றாள்.

கீர்த்திக்குப் போர் என்றால் போனில் வருவது. எந்த நாட்டுப் போராக இருந்தாலும் ஆவணப்படங்கள் எடுத்து வைத்துப் பார்ப்பாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எல்லாப் போரும் சாம்பல் நிறத்தில் நடக்கிறது. முதலில் இடிந்த சுவர், அடுத்து ஒற்றைச் செருப்பு, பிறகு ஒன்றும் பேசாமல் தூரத்தைப் பார்க்கிற ஒரு பெண். பின்னாலிருந்து யாரோ வயலினைப் போட்டு அறுக்கிறார்கள். நிறம் கலக்கிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஊரில் குண்டு விழுந்த நாட்களில் வானம் நல்ல நீலமாக இருந்தது. மேகம் இல்லாத நாள் பார்த்துத்தான் விமானம் வரும். மழை பிடித்துக்கொண்டால் அம்மா நிம்மதியாகத் தோசைக்கு அரைப்பாள்.

ஒருநாள் கீர்த்தி என்னிடம், “ஏம்பா, சண்ட நடக்கறப்போ நீங்கல்லாம் சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தப் படங்களில் யாரும் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

3

இந்தக் கதைக்குள் நிவேதா வந்தது சுவர் சுரண்டுகிற சத்தத்தால். சென்னைப் பெண், ஆவணப்படம் எடுக்கிறவள். குயிலாப்பாளையத்து விடுதியில் நான் வேலை செய்த அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தவளிடம், “கொஞ்சம் பொறுங்கோ, முடிஞ்சுது” என்றேன். பொறுங்கோ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. கேரளாவா என்று கேட்காத முதல் ஆள் அவள். போர்க்காலத்தில் சாதாரண சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படம் எடுக்க ஆள் தேடித்தான் இந்தப் பக்கம் வந்திருந்தாள். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

முகாமுக்குள் படம் எடுக்க அனுமதி வேண்டும். நிவேதாவும் நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர், எங்களை உட்கார வைத்து விவரம் கேட்டார். படம் என்றதும், “ஹீரோ யாருங்க?” என்றார். என் அக்கா என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “பைட்டு சீன் இருக்குதா? இருந்தா அதுக்கு தனியா எழுதிக் குடுக்கணும்” என்றார். முதல் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வந்தால் தான் உடனே போட்டுத் தருவதாக உறுதியும் கொடுத்தார். கடைசியில் நிவேதா, உப்பளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். உப்பளத்துக்காரருக்கு ஆட்சேபனை இல்லை.

படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதில் ஒரு விபரீதம் நடந்தது. மறுநாள் காலை நிவேதா கேமராக்காரரோடு வந்து இறங்கியபோது, உப்பு வாருகிற பெண்கள் அத்தனை பேரும் பட்டுச்சேலையில் நின்றார்கள். தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர். கன்னியம்மா கட்டியிருந்தது மகள் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டு. அதை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு உப்புப் பாத்திக்குள் நின்றாள். வந்தவர்களுக்கு உட்காரப் பிளாஸ்டிக் சேரும் குடிக்கக் கலரும் தயாராக இருந்தன.

நிவேதா தயங்கித் தயங்கி, தினமும் வேலைக்குக் கட்டுகிற துணியில் வர முடியுமா என்று கேட்டாள். கன்னியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏம்மா, போட்டோ புடிக்கறப்போ யாராச்சும் அழுக்குத் துணி கட்டுவாங்களா? பாக்கறவங்க நம்மள இன்னான்னு நினைப்பாங்க?” என்றாள். மற்றவர்களும் அதையே நியாயம் என்றார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு யாரும் சரியாகப் பேசவில்லை, கலரும் சூடாகிப் போனது.

அக்காவிடம் வெகுநேரம் பேசி எடுத்தார்கள். வெயில் ஏறி உப்பு கண்ணைக் குத்த ஆரம்பித்தது. உப்பளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், பதினோரு மணிக்கு மேல் பாத்தியைப் பார்த்தால் கண்ணில் தானாகத் தண்ணீர் வடியும். அக்கா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பேசினாள். பேசியதில் பெரும் பகுதி முட்டைக் கதை.

4

அந்தக் கதை இதுதான்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு பதுங்குகுழி. பங்கர் என்றுதான் சொல்வோம். மேலே தென்னங்குற்றி அடுக்கி, அம்மாவின் பழைய சேலைகளில் தைத்த மண்மூட்டைகளைப் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு ராசமணி அக்கா குடும்பமும் அதற்குள்தான் வரும். அவவுடைய புருஷன், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டுக்கும் ஒரு பங்கரை நாளைக்கு வெட்டுகிறேன் நாளைக்கு வெட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

ராசமணி அக்காவிடம் ஒரு புள்ளிக்கோழி இருந்தது. விமானச் சத்தம் எங்கள் காதுக்கு எட்டும் முன்பே அதற்குக் கேட்டுவிடும். எல்லோருக்கும் முன்னால் ஓடிப் பங்கருக்குள் புகுந்து மூலையில் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் நாங்கள் வானத்தை விட்டுவிட்டுக் கோழியைப் பார்க்க ஆரம்பித்தோம். கோழி மேய்ந்தால் சமையல் நடக்கும். கோழி ஓடினால் அடுப்பை அணைத்துவிட்டு நாங்களும் ஓடுவோம்.

ஒருநாள் உள்ளே இருக்கும்போது அது முட்டை இட்டது. வெளியே குண்டு விழுகிறது, தலையில் மண் கொட்டுகிறது, உள்ளே என் அக்காவும் ராசமணி அக்காவும் சண்டை பிடிக்கிறார்கள். கோழி என்னுடையது, முட்டையும் என்னுடையது என்கிறா அவ. பங்கர் எங்களுடையது, எங்கள் மண்ணில் விழுந்தது எங்களுக்கு என்கிறாள் இவள். அண்ணை இரண்டு பக்கமும் தலையாட்டினார். அப்பா, விமானம் போகும்வரையாவது பொறுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் பொறுக்கவில்லை. விமானம் போனது கூட எங்களுக்குத் தெரியவில்லை, கோழி வெளியே போனதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அம்மா அந்த முட்டையை அவித்து நூலால் இரண்டாக அறுத்தாள். மஞ்சள் கரு முழுவதும் நழுவி ராசமணி அக்காவின் பாதிக்குப் போய்விட்டது. என் அக்கா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு ஊர் கலைந்தது. நாங்கள் படகேறி இந்தப் பக்கம் வந்தோம். ராசமணி அக்கா குடும்பம் உள்ளே வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதோடு சரி. இருக்கிறாவா இல்லையா என்றே தெரியாது. போய் வருகிறவர்களிடமெல்லாம் அக்கா விசாரித்துப் பார்த்தாள். ராசமணி என்ற பெயரில் நம்மூரில் தடுக்கி விழுந்தால் ஒருவர் இருக்கிறார். நிவேதாவின் படத்துக்கு அக்கா சம்மதித்ததே அதற்காகத்தான். படம் அந்தப் பக்கமும் ஓடும் என்று கேட்டு வைத்திருந்தாள். ராசமணி அக்கா உயிரோடு இருந்து அதைப் பார்த்தால் கட்டாயம் பதில் வரும் என்பது அவளுடைய கணக்கு.

5

சில மாதம் கழித்து நிவேதா மடிக்கணினியும் புரொஜெக்டருமாக வந்தாள். படம் இன்னும் முடியவில்லை, முதலில் நீங்கள் பாருங்கள் என்றாள். முகாமில் பிள்ளைகள் டியூஷன் படிக்கிற கொட்டகையின் சுவரை நான்தான் பூசியிருந்தேன், அதிலேயே போட்டோம். கன்னியம்மாவும் வந்திருந்தாள்.

சுவரில் சாம்பல் நிறத்தில் உப்பளம் வந்தது. என் கண்ணே என்னை ஏமாற்றியது. அந்த உப்பு, அந்த வானம் எல்லாவற்றிலும் சிமென்ட் கலந்த மாதிரி இருந்தது. அக்கா வந்தாள். ஊரைவிட்டு வந்ததைப் பற்றி இரண்டு வரி சொன்னாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வயலின் ஆரம்பித்தது. அவள் மறுபடி துடைத்தாள். வயலின் இன்னும் உரக்க அழுதது.

கன்னியம்மா தாங்கமாட்டாமல், “அய்யோ, அது அழுவலமா. வெயில்ல கண்ணு கூசுது” என்றாள். கொட்டகையே சிரித்தது. கீர்த்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிவேதாவும் சிரித்தாள், ஆனால் அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கடைசிவரை பார்த்தாள். முட்டையும் வரவில்லை, கோழியும் வரவில்லை. படம் முடிந்ததும், தன் முகத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

நிவேதா பதறிப்போனாள். அவள் சொன்னதையும் நான் இங்கே எழுத வேண்டும், அதிலும் நியாயம் இருந்தது. “நீங்க சிரிச்சிக்கிட்டே சொல்றதப் போட்டா, பாக்கறவங்க போர் அவ்ளோ மோசமா இல்லன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேங்க” என்றாள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. டீக்கடையில் முட்டைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, திரும்பி வரும்போது, இவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று பலமுறை குமைந்திருக்கிறேன்.

அக்கா சத்தம் போடவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

“பிள்ளை, அழுகிறதைக் காட்டினா என்னை ஆர் கண்டுபிடிக்கிறது? எல்லாரும்தான் அழுதவை. முட்டைக்குச் சண்டை பிடிச்சது நான் ஒருத்திதான்.”

எத்தனையோ ஆவணப்படம் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லத் தெரியாமல் கிடந்ததை அக்கா சொல்லிவிட்டாள். அந்தப் படங்களில் வாசலில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்த பெண்கள் எல்லோருக்கும் ஒரு சண்டையோ ஒரு கோழியோ இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டுவிட்டு வெட்டிவிட்டார்கள்.

நிவேதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முட்டைக் கதையை முழுவதும் வைக்கிறேன் என்றாள். கூடவே, உப்பளத்தை இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டாள். கன்னியம்மாவைப் பார்த்து, எந்தச் சேலை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். கன்னியம்மாவுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிந்த படத்தில் வெள்ளை உப்புக்கும் நீல வானத்துக்கும் நடுவில் கிளிப்பச்சையில் அவள் நிற்கிற காட்சி ஒன்று இருக்கிறது. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், அந்த நிறத்தை யாராலும் கலக்க முடியாது.

6

படம் அங்கே இங்கே ஓடியது. முட்டைக் கதையை மட்டும் நிவேதா தனியாக வெட்டி இணையத்தில் போட்டாள். அதன் பிறகு கீர்த்திதான் காவல். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டே இருந்தாள். வேறு நாட்டுப் போர்ப் படங்களை அவள் பார்க்காமல் விட்டதை நான் கவனித்தேன். அக்கா எதையும் கேட்கமாட்டாள். கீர்த்தி வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு வேலையைப் பார்ப்பாள்.

சிலர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள், சிலர் சிரிக்கிற பொம்மை. ஒருவர் முட்டை சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று நீளமாக விளக்கியிருந்தார். வாரங்கள் போயின. உப்பளத்தில் அக்கா ஒருநாள், செத்தவர்கள் படம் பார்க்கமாட்டார்கள்தானே என்று சொன்னதாகக் கன்னியம்மா என்னிடம் வந்து சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை கீர்த்தி ரோட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா பழக்கத்தில் வானத்தைப் பார்த்தாள். கீர்த்தி மூச்சு வாங்க, எழுதியிருந்ததை அப்படியே படித்தாள்.

“இந்த அன்ரி சொல்லுறது பொய். முட்டை தங்கடை எண்டு எங்கட அம்மா எப்பவும் சொல்லுறவ.”

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை படி என்றாள்.

மறுநாள் மத்தியானம் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. கன்னியம்மா பட்டுச்சேலையில் வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் உள்ளே வராமல் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, ஃபேனைப் போட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்தோம். திரையில் நரைத்த தலை ஒன்று வந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

“தவம், நீ இன்னும் பொய்தான் சொல்லிக்கொண்டு திரியிறாய். கோழி ஆற்றை?”

“பங்கர் ஆற்றை அக்கா?” என்றாள் என் அக்கா உடனே.

கோழி யாருடையது, பங்கர் யாருடையது என்று முப்பது வருடம் கழித்து அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். சுகமா என்று கேட்கவேயில்லை. மஞ்சள் கரு யார் பக்கம் போனது, நூலைப் பிடித்தது யார் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். கன்னியம்மா எங்கள் பக்கம் சாட்சி சொல்ல முயன்றாள், அவள் பிறந்தது இந்தக் கரையில் என்பதையே மறந்துவிட்டாள். நடுவில் நான் அண்ணை எங்கே என்று கேட்டுவிட்டேன்.

“அவர் இல்லை, தம்பி. நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த வருசமே” என்றா. பிறகு அவவே, “கடைசிவரைக்கும் அந்த மனுசன் பங்கர் வெட்டேல்லை” என்று சொல்லிச் சிரித்தா. அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் படத்தில் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த கீர்த்தி திரைக்குப் பக்கத்தில் போனாள். போனில் அத்தனை போரைப் பார்த்தவள், எங்களில் யாருக்கும் இத்தனை வருடம் தோன்றாத கேள்வியைக் கேட்டாள்.

“அந்தக் கோழி இன்னாச்சுங்க?”

ராசமணி அக்கா கொஞ்சம் யோசித்தா. அந்தக் கோழியைத் தன் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தாவாம். போன இடத்திலும் அதுதான் முதலில் ஓடுமாம். புது இடத்துச் சனமும் அதைப் பார்த்து ஓடப் பழகிவிட்டதாம்.

“சாப்பாட்டுக்கு வழியில்லாமச் சனம் கிடந்தது, பிள்ளை. எண்டாலும் ஒருத்தரும் அதில கை வைக்கேல்லை. அந்தக் கோழி வயசு போய்க் கிழண்டித்தான் செத்தது.”

அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். கீர்த்தி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு கூசுதா, மாமி?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றாள் அக்கா. “சரியான வெயில்.”

கதவு சாத்தித்தான் இருந்தது. கன்னியம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பட்டுச்சேலை முந்தானையை அவளிடம் நீட்டினாள்.